பழைய கணினியும் உப்புக் காற்றும்



கல்வெட்டு ஆயிரம் ஆண்டு நிற்கிறது. ஓலைச்சுவடி சில நூற்றாண்டு தாங்குகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த வீட்டுக் கணினிகளோ, பல இன்று பேச்சிழந்து கிடக்கின்றன. அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லாத சில்லு தேய்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேட, நம் நாட்டுப் பள்ளிகளின் வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டுவோம்.

1984ஆம் ஆண்டில் இந்திய அரசு 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகள் அதிற் சேர்ந்தன. அவற்றுக்கு வழங்கப்பெற்றது, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'பிபிசி மைக்ரோ' என்னும் கணினி. அதன் மூளை, 1975இல் பிறந்த 6502 என்னும் நுண்செயலி. அச்சிறு சில்லினுள் ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்கள் உண்டு. நினைவகம் 32 கிலோபைட்டே.

பின்னர் அவ்வகைக் கணினி ஒன்று, இளம் ஆசிரியனாக நான் பணியாற்றிய கடலோரப் பள்ளிக்கும் வந்தது. பழுதாகிவிடுமே என்னும் அச்சத்தால் அதைத் துணி போர்த்தி அறையில் வைத்துப் பூட்டினோம். ஈராண்டு கழித்து இயக்கியபோது திரையில் எழுத்தில்லை. ஒரே ஓசை ஓயாது ஒலித்தது. "சில்லு இறந்தது" என்று தீர்ப்பளித்தோம். பல்லாண்டுகளுக்குப் பின் அங்கேயே தலைமையாசிரியனான நான், கழிவுப் பொருட் பட்டியலில் அதனைச் சேர்த்துக் கையொப்பமிட்டேன்.

அவ்வோசையின் பொருளை ஓய்வு பெற்ற பின்னரே கற்றேன். மின்சாரம் பாய்ந்தவுடன் ஒலிச் சில்லு தானே ஒலிக்கத் தொடங்கும். நுண்செயலி விழித்தெழுந்து அதனை அடக்க வேண்டும். ஓசை அடங்கவில்லையெனில் நுண்செயலி தன் பணியைத் தொடங்கவில்லை என்பது பொருள். அது இறந்துபட்டது என்பதன்று.

சில்லுக்குப் பகைகள் பல. முதலாவது வெப்பம். இயங்கும்போது சூடேறி விரிந்தும், நிறுத்தும்போது குளிர்ந்து சுருங்கியும், உள்ளிருக்கும் மயிரிழைக் கம்பிகளின் இணைப்புகள் நாளடைவில் தளர்கின்றன. அடுத்தது ஈரம். சில்லின் நெகிழி உறை நீராவியை முற்றும் தடுப்பதன்று. புகுந்த ஈரம் உள்ளே அலுமினியக் கோடுகளை அரிக்கிறது. மூன்றாவது மின்னழுத்தம். 1982இல் வந்த 'கமடோர் 64' கணினியில், மின்வழங்கி கெட்டு அழுத்தம் மிகுந்ததால் நினைவகச் சில்லுகள் மாண்ட கதை பலர் அறிந்தது. நம் கையிலுள்ள நிலைமின்னும் சில்லைக் கொல்ல வல்லது. இனி, ஒருவகை நினைவகச் சில்லு செய்தியை மின்னேற்றமாகவே காத்துவைக்கிறது. அது பல பதிற்றாண்டுகளிற் சிறிது சிறிதாகக் கசிந்தால் செய்தியும் மறைந்துபோம்.

இவையனைத்தினும் எளியது ஒன்றுண்டு. பழங்கணினியின் சில்லுகள் பல, தாங்கிகளிற் செருகப்பட்டவை. எங்கள் சிக்கலை அடுத்த வாலிநோக்கத்தில் உப்பு விளைகிறது. அப்பக்கத்துக் காற்று சாளரக் கம்பியையே தின்றுவிடும். சில்லின் கால்களை மட்டும் அது விட்டுவைக்குமோ? கால்களிற் களிம்பு படிந்தால் தொடர்பு அறும். சில்லோ நலமாகவே இருக்கும். மின்னிணைப்பை நீக்கி, சில்லைக் கழற்றி, கால்களைத் துடைத்து, மீண்டும் அழுத்திச் செருகினாற் போதும். கணினி பிழைத்தெழுவது உண்டு.

எங்கள் கணினிக்கும் அச்சிறு மருத்துவம் போதுமாயிருந்ததோ? சோதித்துப் பாராமலே கையொப்பமிட்டவன் நான். இன்று விடை காண வழியில்லை. பழுது எது என்று அறியுமுன் பயனற்றது என்று எழுதாதீர்கள். பொருளாயினும் மாணாக்கராயினும், இவ்விதி ஒன்றே.