‘உடலுழைப்பற்றோர்’ யார்? குண்டலுபேட்டையிலிருந்து நுரையீரல் அளவீடுகளை மீண்டும் வாசித்தல்

விளையாட்டு வீரர்களை ஒருபுறமும் உடலுழைப்பற்றோரை மறுபுறமும் வைத்து, ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சளவுக் கருவியில் ஊதச் செய்து, வீரர்களின் உயிர்ப்புக் கொள்ளளவே (முழுக்க இழுத்த பின் வெளியேற்றக்கூடிய மூச்சின் அளவே) கூடுதல் என்று காட்டும் ஆய்வுகள் நம் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. அந்த எண்களில் எனக்கு ஐயமில்லை. ‘விளையாட்டு நுரையீரலைப் பெருக்கியது’ என்று அவற்றை வாசிப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

அந்த வாசிப்புக்கு வலுவான துணையாகத் தோன்றுவது, ஸ்வீடனின் நீச்சல் சிறுமியர் 30 பேரைப் பற்றி ஆஸ்ட்ராண்டும் உடனாய்வாளர்களும் 1963இல் வெளியிட்ட ஆய்வு. அச்சிறுமியரின் நுரையீரல் கொள்ளளவு, அவர்கள் உயரத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து, நீச்சற் பயிற்சியை விட்டுவிட்ட அதே பெண்களை மறுபடி அளந்தபோது, உச்ச ஆக்சிஜன் பயன்பாடு வெகுவாக இறங்கியிருந்தது. நுரையீரல் கொள்ளளவு இறங்கவில்லை. இந்த இரண்டாம் அளவீட்டுக்கு உரிய இடத்தை யாரும் கொடுப்பதில்லை என்பதே என் குறை. கொள்ளளவைத் தாங்கி நிற்பது இன்றைய பயிற்சிதான் என்றால், பயிற்சி நின்றதும் அது சுருங்கியிருக்க வேண்டும். வளரும் வயதில் நீந்தியதால் மார்புக்கூடு விரிந்து அப்படியே நிலைத்திருக்கலாம். இயல்பிலேயே அகன்ற மார்புள்ள சிறுமியர் நீச்சலில் நிலைத்திருக்கலாம். முதல் விளக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும். எப்படியாயினும், 25 வயதில் ‘விளையாடுகிறீர்களா?’ என்று கேட்டு ஆளைப் பிரிப்பது 12 வயதில் நடந்ததை மறைத்துவிடுகிறது.

மேலும், ஸ்பைரோமீட்டரில் ஊதுவதும் ஒரு திறன். மூச்சை முழுக்க இழுத்து, வேகம் தளராமல் கடைசிவரை வெளியேற்ற வேண்டும். வயிற்றுத் தசை இறுகியவருக்கு அது எளிது. இக்குறைகள் மாதிரியைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, பிழை ஆட்களைப் பிரித்த முறையில் இருக்கிறது.

பந்திப்பூர்க் காட்டோரம் உள்ள குண்டலுபேட்டை வட்டாரத்தில் அந்தப் பிழை கண்கூடு. செண்டுமல்லித் தோட்டத்தில் பகலெல்லாம் குனிந்து பூப்பறித்து, கூடை சுமந்து, வீடு திரும்பி விறகடுப்பின் முன் அமரும் பெண்ணிடம் படிவத்தை நீட்டினால் ‘விளையாட்டு: இல்லை’ என்றுதான் விடை வரும். உடனே அவர் உடலுழைப்பற்றோர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்! மைசூரு வட்டாரக் கிராமப் பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, சமையலில் நாளொன்றுக்குக் கழியும் மணிநேரத்தை ஆண்டுகளால் பெருக்கி ஒரு புகைக்குறியீட்டைக் கணித்தது. அது 60ஐ எட்டினால் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கான அபாயம் கணிசமாகிறது என்பது அதன் முடிவு. நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்றால் 20 ஆண்டில் 60. இருபதில் அடுப்பேற்றியவர் நாற்பதில் அந்த எல்லையில் நிற்பார். எரிவாயுவில் சமைக்கும் விடுதியில் வளர்ந்த கபடி வீராங்கனையோடு அவரை ஒப்பிட்டால் தெரியும் வேறுபாட்டில் விளையாட்டின் பங்கு எவ்வளவு, புகையின் பங்கு எவ்வளவு?

‘இது பந்திப்பூர்க் காட்டோரம், காற்று தூயது’ என்ற மறுப்பு அடுப்படிக்குப் பொருந்தாது.

விளையாட்டால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. கோபன்ஹேகனில் ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளியில் அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், புகைபிடிப்போரிடையே உடலியக்கம் மிகுந்தவர்களின் நுரையீரல் செயல்திறன் மெதுவாகவே சரிந்தது. பயன் அந்தச் சரிவின் வேகத்தில் இருக்கிறது; ஒரே நாளில் ஊதவைத்து அதைக் காண இயலாது. குண்டலுபேட்டைப் பள்ளி மைதானத்தில் கோ-கோ ஆடும் சிறுமியையும் ஆடாத அவள் தோழியையும் 12 வயதிலும் 22 வயதிலும் அளக்க வேண்டும். இருமுறையும் வீட்டு அடுப்பைப் பற்றியும் கேட்க வேண்டும்.