மெய்நிகர் கணினிக்கு வேகம் வந்த கதை

ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பிரித்து ஓட்டும் வேலையை ஐபிஎம் 1967-லேயே சாதித்துவிட்டது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உருவான அந்த அமைப்பின் பெயர் சிபி-40. 1972-ல் விஎம்/370 வாடிக்கையாளர்களுக்கே வந்தது. நம் மேசைமேல் இருக்கும் எக்ஸ்86 சிப்புக்கு மட்டும் அது எளிதில் கைகூடவில்லை.

காரணம் சிப்பின் குணம். விருந்தினராக ஓடும் இயங்குதளம் வன்பொருளைத் தொட முயன்றால், சிப் உடனே நிறுத்தி மேற்பார்வை மென்பொருளிடம் சொல்ல வேண்டும். 1974-ல் போப்பெக்கும் கோல்ட்பர்கும் வகுத்த விதி இது. எக்ஸ்86-ல் பாப்எஃப் போன்ற சில கட்டளைகள் சத்தமே இல்லாமல் பொய்த்துப்போகும். யாருக்கும் தகவல் போகாது. 1999-ல் விஎம்வேர் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005-ல்தான் இன்டெல் விடி-எக்ஸ் வசதியைச் சிப்பிலேயே வைத்தது. அதை நம்பி இஸ்ரேலின் கும்ராநெட்டில் ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம் என்ற மேற்பார்வை மென்பொருள், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-ல் சேர்ந்தது.

பிராசசர் பிரச்சினை தீர்ந்தது; டிஸ்க்கும் நெட்வொர்க்கும் இழுத்தடித்தன. கியூஇஎம்யூ என்ற மென்பொருள் இன்டெல்லின் இ1000 நெட்வொர்க் கார்டைப் போல நடிக்கும்போது, விருந்தினர் அதன் ரெஜிஸ்டரில் எழுதும் ஒவ்வொரு முறையும் வெளியே வந்து, கியூஇஎம்யூ பதில் சொல்லி, மறுபடி உள்ளே போக வேண்டும். ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் இந்த நாடகமே வேண்டாம் என்றார். நீ மெய்நிகர் கணினிதான் என்று விருந்தினருக்குத் தெரியட்டும். விருந்தினரும் மேற்பார்வை மென்பொருளும் ஒரே நினைவகத்தில் வேலைகளை வரிசையாக வைத்துவிட்டு, மொத்தமாக ஒரு தகவல் சொன்னால் போதும். அதுதான் விர்ட்டியோ; 2008 ஜனவரியில் லினக்ஸுக்கு வந்தது. இந்த வரலாற்றிலேயே எனக்கு ஆகப் பெரிய தாவலாகப் படுவது இதுதான்.

இந்தக் கதையில் எங்கள் புனேவுக்கும் பங்கு உண்டு. கும்ராநெட்டை 2008-ல் ரெட் ஹாட் வாங்கியது; அதன் புனே அலுவலகத்திலும் கேவிஎம் வேலை நடந்தது.

ஹடப்சரில் என் வீட்டில் ஓடும் பழைய டெஸ்க்டாப்பில் இந்த வரலாறு முழுவதும் அமைப்புப் பக்கத்தின் சில வரிகளாக இருக்கிறது. இ1000 இருந்தவரை பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தால் ஒரு கோர் முழுவதும் அதற்கே போகும். விர்ட்டியோவுக்கு மாற்றியதும் அந்தச் சுமை கண்ணெதிரே இறங்கியது. விண்டோஸ் விருந்தினருக்கு மட்டும் விர்ட்டியோ டிரைவரை முதலில் நிறுவுங்கள். இல்லாமல் பூட் டிஸ்க்கை மாற்றினால் நீலத்திரைதான். நினைவகத்தை 4 கேபி பக்கங்களுக்குப் பதிலாக 2 எம்பி பக்கங்களாகக் கொடுத்தால் முகவரி தேடும் அலைச்சலும் குறையும்.

ஆகவே கூடுதல் ராம் வாங்கப் புதவார் பேட்டுக்குக் கிளம்பும் முன், பயாஸில் விடி-எக்ஸ் திறந்திருக்கிறதா, மெய்நிகர் கணினியின் சிபியூ வகை 'ஹோஸ்ட்' என்று இருக்கிறதா, டிஸ்க்கும் நெட்வொர்க்கும் விர்ட்டியோவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.