பட்டாளத்துக்கு ஆள் சேர்த்த விளையாட்டு

போருக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் அடக்கிச் சதுரங்கம் என்று பெயரிட்டவர்கள் நம் நாட்டு முன்னோர்கள். ஆயினும் சதுரங்கப் பலகையைக் காட்டி எந்த அரசனும் படைக்கு ஆள் திரட்டியதாக நான் படித்ததில்லை. அவ்வழக்கம் மிகப் புதியது. அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களாகிய நீங்கள் இதனைச் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டும். அந்த விளையாட்டு உங்கள் வயதினரை எண்ணியே செய்யப்பட்டது.

முதலில் பிரஷ்யா நாட்டுக்குச் செல்வோம். 1824ஆம் ஆண்டில், அந்நாட்டுப் பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த ரைஸ்விட்ஸ் என்பவர், தம் தந்தையார் தொடங்கி வைத்த முயற்சியைத் திருத்திப் போர் விளையாட்டு ஒன்றை வகுத்தார். அளவு பிசகாத நிலப்படம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு துண்டுகள், சேதத்தைத் தீர்மானிக்கப் பகடை, இரு தரப்பாருக்கும் பொதுவாக ஒரு நடுவர் ஆகியவையே அதன் உறுப்புகள். படைத் தலைமை அதிகாரியான முஃப்லிங் என்பவர் முதலில் அதனை அலட்சியமாகவே நோக்கினாராம். ஆட்டம் வளர வளர, இது வெறும் பொழுதுபோக்கன்று, போர்ப் பயிற்சியே என்று கண்டு, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். பிற்காலத்தில் பல நாடுகள் பிரஷ்யாவைப் பின்பற்றின. இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் போர்த் தொழிலை முன்பே மேற்கொண்டுவிட்ட அதிகாரிகள். அவர்களை யாரும் புதிதாக அழைக்க வேண்டியதில்லை. 1996இல் அமெரிக்க மரீன் படையினர் கடைகளில் விற்ற ‘டூம்’ என்னும் கணினி விளையாட்டைத் தங்கள் பயிற்சிக்கு ஏற்பத் திருத்திக் கொண்டபோதும் நிலைமை அதுவே.

படைக்கு அழைக்கும் வேலையை அந்நாட்களில் வேறு கருவிகள் செய்தன. 1917இல் அமெரிக்காவில் ஃபிளாக் என்னும் ஓவியர் வரைந்த சுவரொட்டியை உங்களிற் பலர் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். உயர்ந்த தொப்பி அணிந்த வெண்தாடிக் கிழவர் ஒருவர் நம்மையே விரல் நீட்டிச் சுட்டுவார். அவர் கண்ணைத் தவிர்த்து நடப்பது கடினம். எனினும் சுவரொட்டியைப் பார்ப்பவன், தான் ஒரு சுவரொட்டியைப் பார்ப்பதை அறிவான். பார்த்துவிட்டு நடந்து போய்விடுவான்.

வியட்நாம் போரின் இறுதிக் கட்டத்தில், 1973ஆம் ஆண்டில், அமெரிக்கா கட்டாயப் படைச் சேர்க்கையைக் கைவிட்டது. அன்று முதல் அந்நாட்டுப் படை, விரும்பி வருவோரைக் கொண்டே நடைபெற வேண்டியதாயிற்று. அதாவது, கல்லூரிகளோடும் தொழிற்சாலைகளோடும் போட்டியிட்டு இளைஞர்களைத் தேட வேண்டியதாயிற்று. 1999இல் தரைப்படைக்குத் தேவையான எண்ணிக்கையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் குறைந்தனர். அக்காலத்தில்தான் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பொருளாதார ஆய்வுப் பிரிவின் தலைவராயிருந்த கர்னல் வார்டின்ஸ்கி ஒரு யோசனை கூறினார். இளைஞர்கள் கணினி விளையாட்டில் மூழ்கியிருக்கிறார்கள். ஆகவே இராணுவமே ஒரு விளையாட்டைச் செய்து இலவசமாக வழங்கட்டும் என்பதே அது. மாண்டரே நகரிலுள்ள கடற்படை மேற்பட்டப் படிப்புக் கல்லூரியில் அது உருவாயிற்று. ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற பெயரோடு, 2002ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, வெளியிடப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குள் அதற்கென இராணுவம் செலவிட்ட தொகை மூன்று கோடி டாலருக்கும் அதிகம்.

நாற்பது ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெதுவும் அறியாத எனக்கு, இந்த விளையாட்டின் அமைப்பில் முதலில் கண்ணில் பட்டது அதிலுள்ள வகுப்பறைதான். ஆட வருபவன் உடனே துப்பாக்கியைத் தூக்கிச் சுடத் தொடங்க முடியாது. முதலில் பயிற்சி முகாம். முதலுதவிச் சிப்பாயாக விரும்பினால், வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுத் தேர்வு எழுதித் தேற வேண்டும். தன் தோழர்களையே சுட்டால் தண்டனை உண்டு. சிறைக்கூடத்தில் அடைபட்டுக் கிடக்க நேரும். அதில் கற்ற முதலுதவியைக் கொண்டு, 2007இல் ஒருவர், சாலையில் கவிழ்ந்த வண்டியிலிருந்தவர்களுக்கு உதவினார் என்பதும் உண்மை. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இதனைப் பாராட்டாமல் இருக்க என்னால் இயலவில்லை. நம்முடைய பாடத்திட்டங்களில் பல இவ்வளவு கவனத்தோடு வகுக்கப்பட்டவையல்ல.

ஆனால் அதே அமைப்பில் மற்றொரு நுட்பமும் இருந்தது. இரு அணிகள் எதிர் நின்று போரிடுகின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வோர் அணியாரும் தங்கள் திரையில் தங்களை அமெரிக்கச் சிப்பாய்களாகவே காண்பர். எதிரணியார் பகைவராகத் தோன்றுவர். எதிரணியாரின் திரையிலோ இது தலைகீழ். எனவே இலட்சக்கணக்கானோர் ஆடிய அந்த ஆட்டத்தில், பகைவனாக இருந்து பார்த்தவர் ஒருவரும் இலர். பகைவன் கண்ணால் ஒருமுறை உலகைக் காண்பது வரலாற்று மாணவனுக்கு முதற்பாடம். அப்பாடம் அந்த வகுப்பறையில் இடம் பெறவில்லை.

இனிச் சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குண்டு பட்டால் சிறிதளவு செந்நிறப் புகை போன்று ஒன்று தோன்றும். பட்டவன் விழுவான். அலறல் இல்லை, உடல் சிதைவதில்லை. அந்தச் சுற்று முடியும் வரை வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, அடுத்த சுற்றில் புத்துயிரோடு எழுவான். பதின்மூன்று வயதினரும் ஆடத்தக்கது என்ற சான்றிதழ் வேண்டுமென்றால் இரத்தத்தைக் காட்டலாகாது. இரத்தத்தைக் காட்டினால் சிறுவர் ஆடக் கூடாது. காட்டாவிட்டால் போர் இன்னதென்று சிறுவர் அறியார். இந்த இரண்டில் எதனை விரும்புவது என்று கேட்டால், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இந்த அழைப்பே செல்ல வேண்டாம் என்பேன் நான். அந்நாட்டில் பட்டாளத்தில் சேரப் பதினெட்டு வயது ஆக வேண்டும். பெற்றோர் இசைந்து கையெழுத்திட்டால் பதினேழு போதும். இடையிலுள்ள நான்கைந்து ஆண்டுகள் மனம் உருவாகும் ஆண்டுகள் என்பதை எந்த ஆசிரியரும் அறிவார்.

இராணுவத்தார் கூறிய மறுமொழியையும் கூறிவிடுதல் நேர்மை. கட்டாயம் இல்லாத நாட்டில் படை தன்னைப் பற்றி எடுத்துரைக்கத்தான் வேண்டும். படை வாழ்க்கையின் ஒழுங்கை இளைஞர் அறியட்டும் என்பதே எங்கள் நோக்கம் என்றனர். ஒழுங்கைக் காட்டினார்கள் என்பதில் ஐயமில்லை.

காட்டாமல் விட்டதைக் காட்ட ஒருவர் முன்வந்தார். ஜோசஃப் டிலாப் என்பவர் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் கலைப் பேராசிரியராக இருந்தவர். ஈராக் போர் நடந்து கொண்டிருந்த 2006ஆம் ஆண்டில், ‘ஈராக்கில் இறந்தவன்’ என்று பொருள்படும் புனைபெயரோடு இந்த விளையாட்டுக்குள் நுழைந்தார். நுழைந்ததும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார். பிறகு, ஆடுவோர் தமக்குள் பேசிக் கொள்வதற்கென அமைந்த பகுதியில், அப்போரில் உண்மையாகவே இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார். சுற்றிலும் சண்டை நடக்கும். யாராவது அவரைச் சுட்டு வீழ்த்துவார்கள். வீழ்ந்த நிலையிலும் தட்டச்சு செய்வார். சிலர் ஏளனம் செய்தனர். சிலர் இது யார், என்ன பெயர்கள் என்று கேட்டனர். வாக்கெடுத்து அவரை வெளியேற்றியதும் உண்டு. அவர் எவரோடும் வாதிடவில்லை. அடுத்த பெயருக்குச் சென்றார். 2011ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் படை ஈராக்கை விட்டு வெளியேறும் வரை இவ்வாறு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை எழுதினார். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று எனப் பல வயதுகள் அப்பட்டியலில் வரும். நீங்கள் கல்லூரியில் முதலாண்டு, இரண்டாமாண்டு படிக்கும் வயது.

இதற்கிடையே 2008இல், ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பெரிய அங்காடி ஒன்றிலேயே இராணுவம் ஒரு கூடத்தைத் திறந்தது. துணிமணி வாங்க வந்த பிள்ளைகள் அங்கே கணினியில் விளையாடலாம். போலி ஹெலிகாப்டரில் ஏறிச் சுடலாம். அருகில் ஆள் சேர்க்கும் அதிகாரிகள் சாதாரண உடையில் உலவுவர். 2009இல் அதன் முன் எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்தன, சிலர் கைதாயினர். 2010இல் கூடம் மூடப்பட்டது. 2018இல் தரைப்படை தனக்கென ஒரு விளையாட்டுக் குழுவையே அமைத்தது. அக்குழுவினர் ஆடுவதை ‘ட்விட்ச்’ என்னும் இணைய மேடையில் பார்த்தவர்கள் போர்க்குற்றங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பியபோது, கேட்டவர்கள் தடை செய்யப்பட்டனர். 2020 ஜூலையில், அம்மேடையில் ஆள் சேர்க்கப் பணம் செலவிடக் கூடாதென்று பிரதிநிதிகள் சபையில் ஒகாசியோ கோர்ட்டஸ் அம்மையார் கொண்டுவந்த திருத்தம் தோற்றது.

‘அமெரிக்காஸ் ஆர்மி’ விளையாட்டை இராணுவம் 2022ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் நிறுத்திவிட்டது. அந்த ஆண்டில் அறுபதாயிரம் பேரைச் சேர்க்க எண்ணிய தரைப்படைக்குக் கிடைத்தவர்கள் நாற்பத்தையாயிரம் பேர்.