டிக்கெட்: ரசிகரா, வாடிக்கையாளரா?

ரெட்டியார்பாளையத்திலிருந்து பேசுறேன். சென்னையில் பெரிய கச்சேரி அறிவிப்பு வந்தாலே எங்க நண்பர்கள் குரூப் ரெண்டாப் பிரிஞ்சிடும். "பாட்டு கேட்க இவ்வளவு காசா? முழுக்க வியாபாரம் ஆயிடுச்சு"ன்னு ஒரு பக்கம். "மேடை, லைட்டு, சவுண்டு, நூறு பேர் சம்பளம் எல்லாம் யார் கொடுப்பா? பிடிச்சா போ, இல்லைன்னா விடு"ன்னு இன்னொரு பக்கம். நம்ம ஊர்க்காரங்களுக்கு டிக்கெட் விலையோட ஈசிஆர்ல போய்வர்ற செலவும் சேரும்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்னு சொல்றதுக்கு முன்னாடி, பாட்டுக்கு டிக்கெட் எப்படி வந்ததுன்னு பார்த்துடலாம்.

முதல்ல ஒரு விஷயம். "அந்தக் காலத்துல பாட்டு இலவசம்"னு சொல்வாங்க. இலவசம்னா யாரோ ஒருத்தர் கட்டியிருக்கார்னு அர்த்தம். தஞ்சாவூர் அரண்மனை கட்டியது. ஜமீன்தார்களும் மிராசுதார்களும் கட்டினார்கள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் கட்டினார். பணம் கொடுத்தவர்தான் யார் பாடணும், எவ்வளவு நேரம் பாடணும், யார் உட்கார்ந்து கேட்கலாம்னு முடிவு பண்ணினார். மற்றவர்கள் விருந்தாளிகள். விருந்தாளி குறை சொல்ல முடியுமா?

கோயில் கச்சேரி? அதுவும் இலவசம்தான். ஆனால் கோயிலுக்குள் நுழையவே எல்லோருக்கும் அனுமதி இல்லாத காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்ததே 1939இல்தான். இலவசம் வேறு, எல்லோருக்கும் திறந்திருப்பது வேறு. இதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்குங்க.

1855இல் தஞ்சாவூரின் கடைசி மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி இறந்தார். அந்த அரசும் அத்தோடு முடிந்தது. ஆதரித்த அரண்மனை போனதும், கலைஞர்கள் பலர் மெல்ல மெல்லச் சென்னைப் பக்கம் வந்தார்கள். அங்கே வக்கீல்கள், வியாபாரிகள், அரசு வேலை பார்ப்பவர்கள்னு ஒரு புதுக் கூட்டம் இருந்தது. ராஜா மாதிரி தனி ஆளா ஒரு வித்வானை வைத்துக் காப்பாற்ற இவர்களால் முடியாது. பத்துப் பேர், நூறு பேர் சேர்ந்தால் முடியும். அப்படித்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சபாக்கள் வந்தன. சந்தாவும் டிக்கெட்டும் வந்தன. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி.

என் பார்வையில் இது பெரிய மாற்றம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் இனி விருந்தாளி இல்லை, உரிமை உள்ளவர். அதுக்காகச் சபா உடனே சமத்துவபுரமா ஆயிடலை. வர்றவங்க பெரும்பாலும் ஒரே வட்டாரம்தான். காசு அதிகம் கொடுத்தால் முன்வரிசை, குறைவா கொடுத்தால் கடைசி வரிசை. ஆனாலும் மார்கழி சீசனில் பல சபாக்கள் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. மதியக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை, சாயங்காலக் கச்சேரிக்கு உண்டு.

டூரிங் டாக்கீஸையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். தரை, பெஞ்சு, சேர்னு வகுப்புகள். திரைக்குப் பக்கத்துல மணல்ல உட்கார்றவருக்குத்தான் ரொம்பக் குறைந்த விலை. இப்போ பாருங்க, மேடைக்கு முன்னாடி நின்னுக்கிட்டே பார்க்கிற இடத்துக்கு 'ஃபேன் பிட்'னு பேர் வச்சு, உட்கார்ற பல இடங்களை விட அதிக விலை. தரை டிக்கெட்டுக்கு வந்த வாழ்வு!

நம்ம புதுச்சேரிக்கு வருவோம். இங்கே கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. தெருக்காரர்கள் வசூல் பண்ணுவாங்க, உபயதாரர் பேர் பேனர்ல பெருசா இருக்கும். இன்னொரு பழக்கம் பிரான்ஸிலிருந்து வந்தது. 1982 ஜூன் 21ஆம் தேதி, அங்கே கலாசார அமைச்சராக இருந்த ஜாக் லாங் காலத்தில் 'ஃபெத் த லா மியூசிக்' என்ற இசைத் திருநாள் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தெருவில் வாசிக்கலாம், கேட்கக் காசு கிடையாது. புதுச்சேரியிலும் அதைக் கொண்டாடுறோம். பிரெஞ்சு நிர்வாகம் 1954இலேயே போய்விட்டது, திருநாள் அதுக்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

இப்போ சண்டைக்கு வருவோம். இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 1994இல் அமெரிக்காவின் பேர்ல் ஜாம் குழு, தங்கள் டிக்கெட் 20 டாலருக்குள் இருக்கணும், சேவைக் கட்டணத்தையும் கட்டுப்படுத்தணும்னு கேட்டது. டிக்கெட் விற்பனையைக் கையில் வைத்திருந்த டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் மீது அந்நாட்டு நீதித்துறையிடம் புகார் கொடுத்தது. குழுவில் இருவர் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியும் சொன்னார்கள். 1995இல் நீதித்துறை விசாரணையை மூடிவிட்டது. 2024இல் அதே நீதித்துறை, டிக்கெட்மாஸ்டரை வைத்திருக்கும் லைவ் நேஷன் மீது வழக்குப் போட்டது. கிட்டத்தட்ட முப்பது வருஷம்! விலையைக் குறைக்கணும்னு பாடுறவரே நினைத்தாலும், நடுவில் இருப்பவர் விட்டால்தான் நடக்கும்.

நம்ம பக்கம் 2023. ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி. ஆகஸ்ட் 12 நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10ஆம் தேதி ஈசிஆரில் பனையூர் பக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய பலர் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் குழந்தைகளோடு வந்தவர்கள் திணறினார்கள், பெண்கள் தொல்லைக்கு ஆளானதாகப் புகார்கள் வந்தன. அமைப்பாளர்கள் பொறுப்பேற்பதாக அறிவித்தார்கள். ரஹ்மானும் டிக்கெட் நகலோடு குறையை அனுப்பச் சொன்னார். கவனிச்சுப் பாருங்க, அன்னைக்கு ஜனங்களோட கோபம் விலை மேல இல்லை. கொடுத்த காசுக்குச் சொன்ன இடம் கிடைக்கலைங்கிறதுதான்.

2025 ஜனவரியில் நவி மும்பையில் கோல்ட்ப்ளே. சுமார் 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை டிக்கெட். விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிட்டது. மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை. அந்தக் கூடுதல் லட்சம் பாடியவருக்கும் போகலை, மேடை போட்டவருக்கும் போகலை. பிளாக் டிக்கெட்காரருக்குப் போச்சு.

அதனால என் கருத்து இது. விலை அதிகம்ங்கிறது மட்டும் குற்றம் இல்லை. கலைஞரும் அவர் பின்னாடி இருக்கிற நூறு தொழிலாளர்களும் வாழணும். ஆனால் டிக்கெட் ஒரு வாக்குறுதி. எத்தனை பேருக்கு இடம் இருக்கோ அத்தனைதான் விற்கணும். சேவைக் கட்டணம் எவ்வளவு, ஏன்னு முதலிலேயே சொல்லணும். சொன்ன இடம் கிடைக்கலைன்னா கெஞ்சாமல் காசு திரும்பி வரணும். கூடவே சபாவோட மதியக் கச்சேரி மாதிரி, காசில்லாதவருக்கு ஒரு கதவு திறந்திருக்கணும்.

இப்போ என்ன நடக்குதுன்னா, காசு வாங்கும்போது நாம வாடிக்கையாளர். கேள்வி கேட்டால், "உண்மையான ரசிகர் இப்படிப் பேசுவாரா?"ங்கிறாங்க. ரசிகரா இருக்கிறதுக்காக வாடிக்கையாளரோட உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அரண்மனையில் கேட்க முடியாத கேள்வியை டிக்கெட் வாங்கினவர் கேட்கலாம். அடுத்த தடவை கேளுங்க. டிக்கெட்டைப் பத்திரமா வச்சுக்கிட்டுக் கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.