மருந்தும் உடனிருப்போரும்: தோட்டத்து வளர்ப்புப் பிள்ளைகளின் வரலாறு

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து முடிகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்பன அவை. பெற்றோரை இழந்து பிறர் பொறுப்பில் வளரும் பிள்ளைகளின் மனநோய்க்கு இவ்விலக்கணத்தைப் பொருத்திப் பார்ப்போமாயின், நம் தோட்டங்களின் வரலாற்றில் ஓர் உண்மை புலப்படும்.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942இல் தொடங்கிய 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை, 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதற்கென மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 75,000க்கு மேற்பட்டோர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பல்லாயிரவர் பலியாயினர். சிலாங்கூர்த் தோட்டங்களும் இத்துயருக்கு விலக்கல்ல.

அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளை யார் வளர்த்தனர்? ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரப் பெரியோரைக் கேட்டால், சித்தி, பெரியப்பா, அடுத்த வீட்டுக்காரர் என்றே விடை வரும். பத்திரமில்லை, பதிவில்லை, லயத்து வீட்டில் இன்னொரு தட்டு வைக்கப்பட்டது, அவ்வளவே. நிழல் தந்த உறவுகளும் உண்டு. பிள்ளையை வேலைக்காரனாக நடத்திய உறவுகளும் உண்டு.

அப்பிள்ளை இரவில் அலறினால் அது பேய், பேசாதிருந்தால் கண்ணேறு. திருநீறும் மந்திரித்த கயிறுமே மருந்து. தோட்டத்து டிரசரிடம் காய்ச்சலுக்குக் கொயினா இருந்தது. மனத்துயருக்கு ஒன்றும் இல்லை. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனை 1911இலேயே திறக்கப்பட்டிருந்தும், அவ்வூர்ப் பெயர் மக்கள் வாயில் வசைச்சொல்லாகவே வழங்கிற்று. ஆக, உடனிருப்போர் இருந்தனர். மருத்துவரும் மருந்தும் இல்லை.

போருக்குப் பின், சுவாமி சத்யானந்தா நிறுவிய சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது. 2023இல் மறைந்த அன்னை மங்களம், தம் வாழ்நாளையே அப்பணிக்கு ஈந்தார். அதே காலத்தில், உலகச் சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பவுல்பி என்னும் ஆங்கில மருத்துவர் 1951இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தாயின், அல்லது தாய்போல் நிலையாக இருப்பவரின் அன்பு அறுபடுவது குழந்தையின் மனநலத்தைக் கெடுக்கும் என்பது அதன் முடிவு. 1952இல் பாரிசில் குளோர்புரோமசின் மனநோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. மனத்துக்கு மாத்திரை வந்த காலம் அது.

மாத்திரை வந்தபின் குறை தீர்ந்ததா? அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2011 டிசம்பரில் அளித்த அறிக்கையைக் காண்க. ஆராயப்பட்ட ஐந்து மாநிலங்களில், 2008ஆம் ஆண்டில், அரசு மருத்துவ உதவி பெற்ற ஏனைய பிள்ளைகளைவிட வளர்ப்புப் பிள்ளைகளுக்கு மனநோய் மருந்துகள் 2.7 முதல் 4.5 மடங்கு மிகுதியாக வழங்கப்பட்டிருந்தன. ஐந்தோ அதற்கு மேற்பட்டோ மருந்துகளை ஒருசேர உண்ட பிள்ளைகளும் இருந்தனர். அவர்தம் துயர் மிகுதியானது என்பதும் இதற்கு ஒரு காரணமே. எனினும் வீடு மாறி, மருத்துவர் மாறி அலையும் பிள்ளையின் முன்கதையை அறிந்து சொல்வார் யார்? இங்கே மருத்துவரும் மருந்தும் இருந்தனர். நான்காம் கூறு இல்லை.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால், குடும்பச் சூழலில் வளர்ப்பதற்கு வழி வகுத்தது, நன்று. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்டு மக்கள் சிதறியபின், ஒரு பிள்ளையைப் பிறந்தது முதல் அறிந்த அண்டை வீட்டார் அருகிவிட்டனர். அவ்விடத்தில் இன்று பெரும்பாலும் எஞ்சியிருப்பவர் ஆசிரியரே.

மருந்து தருவதும் நிறுத்துவதும் மருத்துவர் தொழில்; அதில் நாம் தலையிடலாகாது. பிள்ளை உண்பதையும் உறங்குவதையும், வகுப்பில் என்று முதல் மாறினான் என்பதையும் குறித்து வைத்து, வளர்ப்போருக்கும் மருத்துவருக்கும், அவன் மாறிச் செல்லும் பள்ளிக்கும் தெரிவிப்பது நம் தொழில். சயாமுக்குச் சென்றோரின் பிள்ளைகளுக்கு அன்று கிடைக்காத மருந்து இன்று கிடைக்கிறது. அவர்களுக்குக் கிடைத்த உடனிருப்போரை இன்றைய பிள்ளை இழந்துவிடாமல் காப்பது நம் கடன்.