பறங்கிப்புண்ணும் பயிற்சிச் செலவும்

திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், கொக்கிளாய்க் களப்பை அடுத்து, இல்மனைட் மணலுக்குப் பெயர்பெற்ற புல்மோட்டை, நிருவாகப் பிரிவினையில் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்ததாயினும், காட்டாலும் குளத்தாலும் வன்னியின் தொடர்ச்சியாகவே அமைந்த ஊராகும். அந்த வன்னியைப் பீடித்த நோயொன்றே, இலங்கையில் அரசு மருத்துவப் பள்ளியொன்றை நிறுவுவதற்குத் தூண்டுகோலாயிற்று.

சிவில் மருத்துவத் திணைக்களம் 1858இல் அமைக்கப்பட்டபோது, உள்நாட்டில் மருத்துவம் பயில அரசுப் பள்ளி எதுவும் இருக்கவில்லை. மாணவர் சிலர் அரசுச் செலவில் கல்கத்தாவின் வங்காள மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டுவந்தனர். இந்நிலையில், 1860களில் வன்னிக் கிராமங்கள் ஆளரவமற்றுப் போவதாகச் செய்திகள் எழவே, வடமாகாணத்தின் குடியேற்ற நாட்டு மருத்துவரான ஜேம்ஸ் லூஸ் அதனை ஆராயப் பணிக்கப்பட்டார். தோலோடு தோல் உரசுவதால், குறிப்பாகச் சிறுவரிடையே, பரவிப் புண்ணாகத் தொடங்கி, கவனிப்பாரின்றி விடப்பட்டால் எலும்பையும் அரித்து உருக்குலைக்கும் பறங்கிப்புண்ணைக் கண்ட அவர், உள்ளூர் இளைஞரை மருத்துவத்தில் பயிற்றுவதற்கு ஒரு பள்ளி வேண்டுமென்றும் பரிந்துரைத்தார். தேசாதிபதி சேர் ஹெர்குலிஸ் ரொபின்சன் காலத்தில், 1870 யூன் 1இல், அப்பள்ளி திறக்கப்பட்டு, லூஸே அதன் முதல் அதிபருமானார். ஆனால் அது திறக்கப்பட்டது நோய் இருந்த வன்னியில் அன்று, கொழும்பில், கற்பிக்கப்பட்டது ஆங்கிலத்தில்.

இதற்கு நேரெதிரான வழியை, வன்னிக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முன்னரே கண்டிருந்தார். 1847இல் வந்திறங்கிய அவர், ஆங்கிலத்தில் பயின்ற தம் மாணவர் அரச சம்பளத்தை நாடி ஊரைவிட்டு அகல்வதைக் கண்டு, தமிழில் பயின்றவரே கிராமத்தில் தங்குவர் என்று கருதி, 1864இலிருந்து தமிழிலேயே வகுப்பெடுத்தார். பயிற்சிச் செலவு என்பது கட்டடமும் உதவிப்பணமும் மட்டுமன்று, நூலும் சொல்லும் ஆக்குவதும் அதில் அடங்கும் என்பதை அவரைப்போல் உணர்ந்தவர் அரியர். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்', உடற்றொழிலியலுக்கு 'சுகரணம்', அறுவை மருத்துவத்துக்கு 'இரணவைத்தியம்' என்ற சொற்கள் அவருடைய நூல்களில் வழங்கின. வேதியியலையோ 'கெமிஸ்தம்' என்றே விட்டுவிட்டார். அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். 1873இல் அவர் தாயகம் திரும்பியபின், அரசுப் பணம் பாய்ந்த கொழும்புப் பள்ளியே நிலைத்தது.

அப்பணமும் முற்றிலும் அரசுடையது அன்று. பள்ளியின் கட்டடத்தைச் சாம்சன் இராசபக்ச முதலியாரும், 1879இல் பிள்ளைப்பேற்று மனையைச் சாள்ஸ் ஹென்றி டி சொய்சாவும் தம் பொருளால் அளித்தனர்; 1926இல் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் மருத்துவமாதரையும் களத்திலேயே பழக்கும் இடமாயிற்று. பிற்காலத்தில் இச்சுமை பெரும்பாலும் அரசின் தலையில் விழுந்தது: பயிற்சிக் காலத்திலேயே தாதிக்குக் கொடுப்பனவு வழங்கி, பயிற்சி முடிந்தபின் குறித்த ஆண்டுகள் அரச சேவையில் இருப்பதாக ஒப்பந்தம் எழுதி வாங்குவது அதன் முறை.

எனினும் ஒப்பந்தம் ஆளைச் சேவையில் கட்டுமேயன்றி, எல்லைக் கிராமத்தில் கட்டாது. பயின்றவரைக் கிராமத்தில் தங்கவைப்பது எவ்வாறு என்ற, கிறீன் எதிர்கொண்ட கேள்விக்கு அது விடையாகவில்லை. 2009 மார்ச்சில், உள்நாட்டுப் போரின் வன்னிப் போர்முனையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட காயக்காரருக்காகப் புல்மோட்டையில் அவசர மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அதை நடத்திய 52 பேர் கொண்ட குழு இந்தியாவிலிருந்து வந்தது.