ஐந்து வால்வு ரேடியோ: ஒன்று போனால் எல்லாம் இருட்டு

கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் பல்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பல்பு போனால் வரிசை முழுக்க அணைந்துவிடும். போனது எது என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் ரேடியோவும் இதே தொல்லையைக் கொடுத்தது.

1904-இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் முதல் ரேடியோ வால்வை உருவாக்கினார். 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். மெல்லிய சிக்னலைப் பெருக்க வழி பிறந்தது இதிலிருந்துதான். ஆனால் வால்வு வேலை செய்ய அதன் உள்ளே இருக்கும் இழை சூடாக வேண்டும். அதற்கான குறைந்த வோல்டேஜைக் கொடுக்க ரேடியோவுக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. கனமும் அதிகம், விலையும் அதிகம்.

1929-க்குப் பிறகு வந்த பொருளாதார மந்தத்தில் மலிவு ரேடியோவுக்குத்தான் கிராக்கி. எனவே பல செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிட்டார்கள். இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேராக வீட்டு மின்சாரத்தில் இணைத்தார்கள். இந்த வகையில் மிகவும் பரவியது ஐந்து வால்வு செட். 'ஆல் அமெரிக்கன் ஃபைவ்' என்பது அதன் செல்லப் பெயர்.

1940-களில் அதில் இருந்த வால்வுகள் பொதுவாக இவை: 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5. முதலில் வரும் எண் இழைக்குத் தேவையான வோல்டேஜைச் சொல்கிறது. ஐந்தையும் கூட்டினால் 121. அமெரிக்க வீட்டு மின்சாரமும் ஏறக்குறைய அதே அளவுதான். கணக்கு சரியாகிவிட்டது!

சிக்கல் பிறகுதான் வந்தது. ஓர் இழை அறுந்தால் ஐந்தும் இருண்டுவிடும். 1950-களில் அமெரிக்க மருந்துக்கடைகளில்கூட வால்வு சோதிக்கும் இயந்திரம் இருந்தது. மக்கள் வால்வுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தாங்களே சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் அதே வகை நல்ல வால்வைப் போட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது இன்னொரு வழி. ஆனால் இரண்டு வால்வுகள் சேர்ந்து போயிருந்தால் எதை மாற்றினாலும் ரேடியோ எரியாது.

ஓம் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். பிளக்கைப் பிடுங்கி, வால்வைக் கழற்றி, இழையின் இரு ஊசிகளுக்கு நடுவே மின்தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதிலும் ஒரு பொறி உண்டு. மற்ற நான்கிலும் இழை 2, 7 ஆகிய ஊசிகளில் இருக்கும். 12எஸ்க்யூ7-இல் மட்டும் 7, 8. இதை அறியாமல் நல்ல வால்வைக் குப்பையில் போட்டுவிட வாய்ப்பு உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால், பல செட்டுகளில் உலோக அடித்தட்டு நேராக மின்கம்பியின் ஒரு முனையோடு சேர்ந்திருந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் தட்டிலேயே மின்சாரம் பாயும். வெளியே இருப்பவரைக் காப்பாற்றியது பேக்கலைட் பெட்டியும் திருகும் குமிழும்தான். குமிழ் கழன்றுபோன பழைய செட்டில் வெறும் தண்டைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. இன்று இத்தகைய செட்டைத் திறப்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

1954-இல் ரீஜன்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. அதில் சூடேற்ற இழையே இல்லை. வால்வு செட்டுகள் மெல்ல மெல்ல ஒதுங்கின. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்ததால் ஏழை வீட்டிலும் ரேடியோ பாடியது உண்மை. மிச்சப்பட்ட காசுக்கு ஈடாக, பழுதைத் தேடும் வேலையையும் ஷாக் அடிக்கும் ஆபத்தையும் வாங்கியவர்தான் சுமந்தார்.